ஆறாம் வாசகம்

ஆறாம் வாசகத்துக்குப் பெயர் கொடுத்திருந்த
கிறிஸ்துதாஸ் சாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.
உபதேசியார் இஞ்ஞாசி இருட்டில் கூட்டத்தைத் துழாவி
என் கையில் தாளைத் திணித்தார்.
“மில்லுல கணக்கு எழுதுறவதானே,
ரெண்டு பக்கம் வாசிச்சிர மாட்டியா பிலோமினா?”

பாஸ்கு இரவு. பத்தரை மணி.
விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு
புதுத்தீக்காகக் கோயில் வாசலில் நின்றோம்.
தென்னம்பாளை ஈரம். பற்றவில்லை.
சாமியார் ஐந்தாவது குச்சியைக் கிழிக்க
ஏதோ ஒரு சிறுசு களுக்கென்று சிரித்தது.

கோயிலுக்குப் பின்னால் எங்கள் மில்லில்
பாய்லர் பழுதாகி மூன்று நாள்.
நெல் அவிக்கும் வாடை இல்லை. உமிச்சாம்பல் இல்லை.
நிலாவும் அன்று தாமதம்.
சும்மாதான் அண்ணாந்தேன்.
உச்சி தாண்டி மகம்.
கிழக்கே சுவாதி, பழுத்த இலை நிறத்தில்.
புகைபோக்கிக்கு நேர்மேலே
ஒருபக்கம் சாய்ந்து தென்சிலுவை.
பெயர்கள் தாமாக வாய்க்கு வந்தன,
இருபத்திரண்டு வருசமாகக் கூப்பிடாத பெயர்கள்.

காரைக்குடியில் பி.எஸ்சி இயற்பியல், இரண்டு வருசம்.
புதன்கிழமை தோறும் மாடியில் தொலைநோக்கி.
வியாழனின் நிலாக்களை நோட்டில் நாலு புள்ளியாக வைப்பேன்.
அடுத்த புதன் புள்ளிகள் இடம் மாறியிருக்கும்.
அதற்கே எனக்குத் தூக்கம் வராது.
அப்பா களத்தில் நெல் கிண்டும்போது விழுந்தார்.
மூன்றாம் வருசக் கட்டணத்தில் ஸ்கேன் எடுத்தோம்.
அவ்வளவுதான் கதை. இதைவிடப் பெரிய துக்கம்
புதுவயலில் வீட்டுக்கு வீடு உண்டு.

அதன்பிறகு, ஆண்டவரே, உம்மிடம் நிறையக் கேட்டேன்.
அப்பாவுக்குக் கை அசையணும். சீட்டு விழணும்.
சின்னவன் கணக்கில் பாஸாகணும்.
லாரியில் போன மனுசன் முழுசாகத் திரும்பணும்.
எடைச்சீட்டு மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக.
எனக்கென்று ஒரு வரி எழுதியதில்லை.
கோபமில்லை. கூச்சம்.
விண்மீன் கேட்கிற வயசா? அதுவும் உம்மிடம் போய்?

ஐந்து வாசகம் முடிந்து மெழுகுதிரியோடு ஏறினேன்.
முதல் பக்கத்தை
லோடு கணக்கு ஒப்பிப்பதுபோலத்தான் வாசித்தேன்.
தாளைத் திருப்பினால்
நீர் விண்மீன்களைக் கூப்பிடுகிறீர்.
அது அது தன் காவலில் நின்றபடி
வந்துவிட்டோம் என்கிறது, சந்தோசமாக.

எத்தனை பாஸ்குவில் கேட்டிருப்பேன் இதை,
தூங்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு!
இப்போதுதான் புரிந்தது, இது வருகைப் பதிவு.
உள்ளேன் ஐயா. உள்ளேன் ஐயா.
என் எண் பதினேழு.
நான் போகாமல் நின்ற அந்த ஜூன் மாதம்
பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில்
யாராவது ஒரு மூச்சு நேரம் நிறுத்தியிருப்பார்களா?

நான் நிறுத்தினேன்.
மைக்கில் என் மூச்சு மட்டும் கேட்டது.
மெழுகு புறங்கையில் சொட்டியது.
வரி தப்பிவிட்டேன் என்று நினைத்து
உபதேசியார் எட்டிப் பார்த்தார்.
அத்தனை பேர் முன்னால், வாய் திறக்காமல்,
சொல்லிவிட்டேன்:
உள்ளேன்.

பிறகு மணிகள் எல்லாம் அடித்தன. விளக்குகள் வந்தன.
வானம் போய்விட்டது. பரவாயில்லை.

வண்டியில் வரும்போது பெர்க்மான்ஸ் கேட்டார்:
“நடுவுல என்ன, எழுத்து மங்கலா?”
“இல்ல, தெளிவா இருந்துச்சு.”
கண்டனூர் ரோடு திரும்பியதும் நான் கேட்டேன்:
“மொட்டைமாடிச் சாவி எங்க?”

திங்கள்கிழமை பாய்லர் ஓடியது. மாடியெல்லாம் சாம்பல்.
பெருக்கிவிட்டுப் பாய் விரித்தேன்.
தொலைநிலைக் கல்வி விண்ணப்பத்தில்
‘படிப்பு இடைநின்றதன் காரணம்’ என்று ஒரு கட்டம்,
இரண்டு விரற்கடை அகலம்.
மற்றதெல்லாம் நிரப்பியாயிற்று.
அதை மட்டும்
நீர் எழுதும்.